சும்மா வாசிக்க ஒரு நூல்

"எந்தப் பாடத்துக்குப் பிள்ளை?"

"பாடத்துக்கு இல்லைங்க சேர். சும்மா வாசிக்கத்தான்."

நமது நாட்டுப் பல்கலைக்கழகமொன்றின் நூலகத்திலே, இரவல் வழங்கும் பகுதியின் எதிரே நாம் நின்றிருந்தபோது செவியில் விழுந்த உரையாடல் இது. கேட்டவர் நெடுங்காலச் சேவையுடைய நூலக உதவியாளர். கடுமையாகக் கேட்டாரல்லர், கேள்வியிலே பரிவுகூட இருந்தது. எந்தப் பாடமென்று தெரிந்தால் எந்த அடுக்கென்று காட்டிவிடலாம் என்பதே அவர் எண்ணம். மறுமொழி கூறியவள் முதலாம் ஆண்டு மாணவி. பேச்சிலே மலையகத் தோட்டமொன்றின் சாயல் இருந்தது. அவளுடைய மறுமொழி அவரைச் சிறிது திகைக்க வைத்தது. அந்த மேசையின் பின்னால் இத்தனை ஆண்டுகள் இருந்தும் இப்படியொரு விடையை அவர் அடிக்கடி கேட்டதில்லை போலும். "கதைப் புத்தகமோ? தமிழ் இலக்கியம் மேல்மாடியில். போய்ப் பாருங்கோ" என்று கையைக் காட்டினார்.

நாமும் எமது அலுவலாக அங்கேதான் செல்லவேண்டியிருந்தது. தூயி தசமப் பகுப்பு முறையில் 894.811 என்னும் இலக்கம் தமிழ் இலக்கியத்துக்கு உரியது; அதனோடு 3 சேர்ந்தால் தமிழ்ப் புனைகதை. அந்த அடுக்கிலே நாவல்களும் இருந்தன, நாவல்களைப் பற்றிய நூல்களும் இருந்தன. நாவலின் தோற்றம், நாவலின் வளர்ச்சி, நாவலிற் சமுதாயம், நாவலிற் பெண்கள் என்று ஆய்வுகள் நெருங்கி நின்றன. ஒரு நாவலைக் கையில் எடுப்பதற்கு அதனைப் பற்றிய நான்கு ஆய்வுகளை விலக்கவேண்டியிருந்தது. அவற்றுள் சில எம்மவர் எழுதியவை என்பதையும் மறைக்காமற் சொல்லிவிடுகிறோம்.

'எந்தப் பாடத்துக்கு?' என்னும் கேள்வியைப் பற்றியே இங்கு ஆராய விரும்புகிறோம். அது ஓர் உதவியாளரின் கேள்வி அன்று. நமது உயர்கல்வி முழுவதும் அவருடைய வாயினாற் கேட்கும் கேள்வி. சற்று ஆழ்ந்து நோக்குமிடத்து, முற்போக்குத் திறனாய்வாளராகிய நாமும் வேறு சொற்களில் அதே கேள்வியைத்தான் வாசகனிடம் கேட்டு வந்திருக்கிறோம் என்பது புலனாகும்.

1942ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது அதனுட் புகுந்தோர் பெரும்பாலும் ஆங்கிலங் கற்ற மத்தியதர வர்க்கத்தின் பிள்ளைகள். அவர்களுடைய இல்லங்களிற் புத்தக அலுமாரி இருந்தது. அலுமாரியில் டிக்கன்சும் ஸ்கொட்டும் இருந்தனர். களிப்புக்காக வாசிப்பதற்கு அவர்கள் பல்கலைக்கழக நூலகத்தை நாடவேண்டிய தேவை இருக்கவில்லை. வீட்டிற் கிடையாத கனமான நூல்களை நூலகம் கொடுத்தாற் போதும் என்ற எண்ணம் அந்த மாணவரைப் பொறுத்தவரை நியாயமானதே. ஆயின், 1945ஆம் ஆண்டிற் கன்னங்கராவின் பெருமுயற்சியால் இலவசக் கல்வி வந்தது. 1960ஆம் ஆண்டையொட்டிக் கலைப்பீடங்களில் சுயபாஷையிற் கற்கும் வாய்ப்பு ஏற்பட்டது. கமக்காரனின் மகனும் கிராமத்து ஆசிரியரின் மகளும் வந்தார்கள். வெகுகாலம் பிந்தி, மிகச் சிறிய தொகையினராய், தேயிலை கொய்பவரின் பிள்ளைகளும் வந்தார்கள். மாணவர் மாறிவிட்டனர்; நூலகம் எதற்காக என்ற எண்ணம் மாறவில்லை.

அம்மாணவியோடு பின்னர் உரையாடும் வாய்ப்பு எமக்குக் கிட்டிற்று. அவளுடைய லயத்து வீட்டில் அச்சடித்த தாள் என்று இருந்தவை ஒரு நாட்காட்டியும், பள்ளிக்கூடப் புத்தகங்களும், கடையிற் சாமான் சுற்றிவந்த பத்திரிகைத் துண்டுகளுமே. அத்துண்டுகளில் ஒரு தொடர்கதையின் நடுப்பகுதியை வாசித்துவிட்டு, அதன் முன்னும் பின்னும் என்னவாயிருக்கும் என்று பல நாள் யோசித்ததாகச் சொன்னாள். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானபோது பெரிய நூலகம் ஒன்று இருக்கும், அங்கே நிறையக் கதைகள் இருக்கும் என்று நினைத்தாளாம். அவள் எதிர்பார்த்ததில் ஒரு பிழையும் இல்லை.

வசதியுள்ள மாணவன் தனக்கு வேண்டிய நாவலை விலைக்கு வாங்குகிறான். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்த பின்னர் இந்தியாவிலிருந்து வரும் தமிழ் நூல்களின் விலை எங்கே போய் நிற்கிறது என்பதைப் புத்தகக் கடைக்குள் நுழைந்து திரும்பிய எவரும் அறிவர். வறிய மாணவருக்கோ களிப்புக்குரிய நூல் கிடைக்கக்கூடிய ஒரே இடம் நூலகம். ஆகவே பாடத்துக்கான நூல் நூலகத்தில், களிப்புக்கான நூல் அவரவர் செலவில் என்ற பங்கீடு நடுநிலையான பங்கீடு அன்று. வாசிப்பின் இனிமையை உடையவனுக்கும் அதன் உழைப்பை மட்டும் இல்லாதவனுக்கும் ஒதுக்கிவைக்கும் பங்கீடு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொழிலாளர் எட்டு மணி நேர வேலைநாளைக் கேட்டபோது, நாளை மூன்றாக வகுத்து, உழைப்புக்கும் உறக்கத்துக்கும் எட்டெட்டுப் போக எஞ்சிய எட்டும் தம் விருப்பத்துக்குரியது என்றே கேட்டனர். அந்த மூன்றாவது எட்டில் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கும் உரிமை முதலாளிக்கு இல்லை என்பது அக்கோரிக்கையின் உட்கிடை. அம்மாணவி சொன்ன 'சும்மா' என்ற சொல்லுக்கு அந்த மூன்றாவது எட்டின் கனம் உண்டு.

நூலகத்திலே யார் எதை எதற்காக வாசிக்கிறார்கள் என்பதை அறிய ஆராய்ச்சி நிறுவனம் எதுவும் வேண்டியதில்லை. பழைய நூல்களின் இறுதிப் பக்கத்தில் ஒட்டப்பட்டுள்ள திகதிச் சீட்டைப் பார்த்தாற் போதும். கணினி வந்த பின் அச்சீட்டில் முத்திரை குத்துவோர் அருகிவிட்டனர். எனினும் சீட்டுகள் இன்னும் இருக்கின்றன. அந்நூலகத்திற் பாடநூலாக விதிக்கப்பட்டிருந்த ஒரு நாவலை எடுத்துப் பார்த்தோம். முத்திரைகள் வரிசை வரிசையாக இருந்தன. ஆண்டுதோறும் பரீட்சைக்கு முந்திய வாரங்களில் மொய்த்தும் மற்றைய மாதங்களில் அற்றும் கிடந்தன. உள்ளே பென்சிற் கோடுகள். விரிவுரையாளர் எந்த அத்தியாயத்தை முக்கியம் என்றாரோ அந்த அத்தியாயத்தின் தாள்கள் கறுத்துப்போயிருந்தன. கடைசி அத்தியாயங்கள் புத்தம் புதியனவாய் இருந்தன. கதை எப்படி முடிந்தது என்று அறியாமலே அந்நாவலைப் பற்றி விடை எழுதிச் சித்தியெய்திய பட்டதாரிகள் நாட்டில் எத்தனை பேரோ! அதே ஆசிரியரின் வேறொரு நாவல் பக்கத்திலேயே இருந்தது. பாடத்திட்டத்தில் இடம்பெறாத அந்நூலின் சீட்டிலே இரண்டு முத்திரைகள். இரண்டுக்குமிடையே பதினொரு ஆண்டுகள்.

இதற்கு மாணவரின் சோம்பலைக் காரணங் காட்டுவோர் உளர். நூல்கள் எப்படி நூலகத்துக்கு வருகின்றன என்பதையும் அவர்கள் சிறிது கவனிக்கவேண்டும். துறைகள் பட்டியல் கொடுக்கின்றன, நூலகம் வாங்குகிறது. விரிவுரையாளரின் பட்டியல் அவருடைய பாடத்திட்டத்தின் நிழல். நாவல் வேண்டும் என்று தமிழ்த்துறை கேட்டால் உண்டு; கேட்காவிட்டால் இல்லை. பொறியியல் மாணவன் ஒருவனுக்கு ஜானகிராமனை வாசிக்க ஆசை வரக்கூடும் என்று எந்தத் துறைப் பட்டியலும் எண்ணுவதில்லை. அவனுக்காகப் பேச ஒரு துறையும் இல்லை.

இலங்கைத் தமிழ் நாவலின் நிலை இதனினும் விசித்திரமானது. ஐந்நூறு பிரதி, மிஞ்சினால் ஆயிரம் பிரதி அச்சாகும் நூல்கள் இவை. சில ஆண்டுகளிற் கடையிற் கிடையா. பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு பிரதி இருக்கும். ஆயின் ஒரே பிரதியாதலால் அது உசாத்துணைப் பகுதிக்கோ இலங்கைத் தொகுப்புக்கோ போய்விடும். அங்கே மேசையில் நிமிர்ந்திருந்து, மூடும் மணி அடிப்பதற்குள், குறிப்பேட்டோடு வாசிக்கலாம். நாவல் என்பது அவ்வாறு வாசிக்கப்படுவதற்கு எழுதப்பட்ட பொருளா? விடுதிக் கட்டிலிற் படுத்து, அறைத்தோழி விளக்கை அணைக்கச் சொல்லுமட்டும் வாசிக்கவேண்டிய நூலை அகராதிக்குப் பக்கத்தில் வைத்துக் காவல் காக்கிறோம். செ. கணேசலிங்கனின் 'நீண்ட பயணம்' 1965இல் வந்தது. டானியலின் 'பஞ்சமர்' 1972இல் வந்தது. எந்த மக்களைப் பற்றி அவை எழுதப்பட்டனவோ அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் இன்று பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள். அவர்கள் அந்நூல்களை வீட்டுக்கு எடுத்துச்செல்ல இயலாவிடின், நூலைப் பாதுகாத்தோம் என்று பெருமை கொள்வதில் என்ன பொருள்?

சீர்காழியிற் பிறந்து கணித விரிவுரையாளராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகிய எஸ். ஆர். இரங்கநாதன் இக்கேள்வியை அன்றே எழுப்பினார். 1931இல் அவர் வெளியிட்ட நூலக இயலின் ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கு உரியன என்பது. ஐரோப்பாவின் பழைய மடங்களில் நூல்களைச் சங்கிலியாற் பிணைத்து வைத்திருந்த வழக்கத்தை எடுத்துக்காட்டி, அந்தச் சங்கிலி மெல்ல மெல்லக் கழன்ற வரலாறே நூலகத்தின் வரலாறு என்று அவர் விளக்கினார். சென்னையில் அடுக்குகளை வாசகருக்குத் திறந்துவிட்டவரும் அவரே. ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல் உண்டு என்றும் ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகன் உண்டு என்றும் சொன்ன அவர், வாசகனுக்கு ஒரு பாடம் இருக்கவேண்டும் என்று எங்கும் நிபந்தனை விதித்தாரில்லை.

இருந்தும் நூலகரின் தயக்கத்தை நாம் எளிதாக ஒதுக்கிவிடமாட்டோம். நூலைப் பாதுகாத்தல் என்பது வடபுலத்தாருக்கு அலுவலகச் சொல் அன்று. அதே இரங்கநாதனின் ஆலோசனையோடு அமைந்து 1959இல் திறக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொதுநூலகக் கட்டிடம் 1981ஆம் ஆண்டிலே தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. அதன்பின், இருக்கும் ஒரே பிரதியை வெளியே கொடுக்க ஒரு நூலகரின் கை நடுங்கினால் அதிற் குற்றங் காண நாம் யார்? ஆயின் ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த இழப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் ஏட்டுச் சுவடிகளையும் கிடைத்தற்கரிய நூல்களையுமே எண்ணிப் புலம்புகிறோம். அங்கே இரவல் பகுதியும் இருந்தது. சிறுவர் பகுதியும் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளில் வந்த பையன்கள் மாற்றி மாற்றி எடுத்துச்சென்ற துப்பறியும் கதைகளும் மொழிபெயர்ப்பு நாவல்களும் அதே தீயில் எரிந்தன. அவற்றுக்காக எவரும் ஓர் ஒப்பாரியும் வைக்கவில்லை. 2005ஆம் ஆண்டிலிருந்து இயங்கும் 'நூலகம்' என்னும் மின்னூலகம் ஈழத்து நூல்களை எவரும் எங்கிருந்தும் வாசிக்கத்தக்கதாக ஆக்கியிருப்பது, பாதுகாத்தலும் கொடுத்தலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு நல்ல சான்று. கைத்தொலைபேசியின் சிறு திரையில் முந்நூறு பக்க நாவலை வாசித்துக் கண் சிவந்த மாணவர் சிலரையும் நாம் அறிவோம். அது வேறு கதை.

இனி, எம்மவரின் பங்குக்கு வருவோம். அம்மாணவி அடுக்கின் முன்னே தடுமாறி நிற்பதைக் கண்ட நாம், ஆசிரியருக்குரிய ஆர்வத்தோடு, ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' என்ற நாவலை எடுத்துக் கொடுத்தோம். 1953இல் வெளிவந்தது, நெசவாளரின் வாழ்வைச் சித்திரிப்பது, செக் மொழியிற் பெயர்க்கப்பட்டது என்றெல்லாம் சொன்னோம். அதில் எதனைக் கவனிக்கவேண்டும் என்றும் சொன்னோம். நான்கு நாள் கழித்து அதனைத் திருப்பிக் கொடுக்க வந்தவளிடம் எப்படி இருந்தது என்று கேட்டோம். "நல்லா இருந்துச்சுங்க சேர். நெசவாளர்களுடைய பிரச்சினைகளை ஆசிரியர் நல்லா எடுத்துக் காட்டியிருக்கார்" என்றாள். பரீட்சை விடைத்தாளின் முதல் வாக்கியம் அது. அவள் எத்தனை பக்கம் வாசித்தாள் என்று நாம் கேட்கவில்லை, கேட்க வெட்கமாயிருந்தது. அந்நாவலிற் குறை இல்லை. நாம் இன்றும் விரும்பி வாசிப்பது அது. சும்மா வாசிக்கக் கேட்டவளுக்கு நாம் பாடமொன்றைக் கொடுத்தோம், குறை அதுவே.

1954ஆம் ஆண்டில் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் உருவாகிய காலந்தொட்டு 'பொழுதுபோக்கு இலக்கியம்' என்பதை வசைச்சொல்லாகவே நாம் வழங்கி வந்திருக்கிறோம். அதற்குத் தக்க காரணமும் இருந்தது. தமிழகத்து வணிகப் பத்திரிகைகள் கதையைச் சவர்க்காரம்போல் விற்ற காலம் அது. வாசகனைச் சிந்திக்கவிடாது வாரம் வாரம் கட்டிப்போடும் உத்திகளை எதிர்த்து எம் முன்னோர் எழுதியவை இன்றும் செல்லுபடியாகும். ஆயினும் வணிகன் களிப்பை விற்றான் என்பதற்காகக் களிப்பையே அவனுக்கு எழுதிக்கொடுத்துவிட்டது எவ்வகையில் நியாயம்? அரிசியைப் பதுக்குகிறவன்மேற் கோபங்கொண்டு எவரும் சோற்றை வெறுத்துவிடுவதில்லை.

பால்சாக்கைப் பற்றி ஏங்கல்ஸ் எழுதிய கடிதத்தை மேற்கோள் காட்டாத முற்போக்குத் திறனாய்வாளர் எம்மில் எவருமிலர். மார்க்ஸ் எதை விரும்பி வாசித்தார் என்று அவருடைய மருகர் லஃபார்க் எழுதிவைத்ததையோ எவரும் காட்டுவதில்லை. பிரித்தானிய நூதனசாலையின் வாசிகசாலையிற் பகலெல்லாம் தொழிற்சாலை அறிக்கைகளைக் குடைந்த அந்த மனிதர், வீட்டிலே சாய்விருக்கையிற் படுத்துக்கொண்டு இரண்டு மூன்று நாவல்களை ஒரே காலத்தில் மாற்றி மாற்றி வாசிப்பாராம். ஃபீல்டிங்கும் ஸ்கொட்டும் மட்டுமல்ல, அலெக்சாந்தர் டூமாவும் அவருக்குப் பிடித்தவர்களில் ஒருவர். வாள்வீச்சுக் கதைகளை எழுதிக் குவித்த அதே டூமாதான்! இதை எழுதிவைத்த லஃபார்க் சோம்பியிருக்கும் உரிமையைப் பற்றித் தனியே ஒரு நூல் எழுதியவர் என்பதையும் நினைவிற் கொள்ளலாம். டார்வினோ ஒருபடி மேலே சென்று, துயரத்தில் முடியும் நாவல்களைச் சட்டம் போட்டுத் தடுக்கவேண்டும் என்று தம் சுயசரிதையில் விளையாட்டாய் எழுதினார். 1913ஆம் ஆண்டில் நியூயோர்க் பொதுநூலகத்தைப் பற்றி லெனின் எழுதிய சிறு கட்டுரையும் உண்டு. அவரை வியக்க வைத்தது அங்கே இருந்த அரிய சுவடிகள் அல்ல. ஓராண்டில் மக்கள் வீட்டுக்கு எடுத்துச்சென்ற நூல்களின் தொகை ஏறக்குறைய 80 இலட்சமாக இருந்தமையும் பிள்ளைகளுக்கென வாசிகசாலைகள் இருந்தமையுமே. அந்த 80 இலட்சத்தில் எத்தனை கதைப் புத்தகம் என்று அவர் முகஞ்சுழித்ததாகத் தெரியவில்லை.

எமது சொந்த வரலாற்றிலும் இதற்கு இடமுண்டு. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இல் வெளியிட்ட 'நானாடகம்' யாழ்ப்பாணத்து மக்கள் பேசும் தமிழிலே எழுதப்பட்டது. 'உடையார் மிடுக்கு' போன்ற அவருடைய நாடகங்களைக் கண்டு மக்கள் சிரித்தனர். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1960களின் முற்பகுதியில், கதைகளிற் பேச்சுத்தமிழை ஆள்வது இழிசனர் வழக்கு என்று பண்டிதர்கள் கிளம்பியபோது எம்மவர் நடத்திய மரபுப் போராட்டத்தை யதார்த்தத்துக்கான போராட்டம் என்று நாம் எழுதிவருகிறோம். அது சரியே. ஆனால் தன் வீட்டுத் தமிழைத் தாளிற் கண்ட வாசகனுக்கு முதலில் உண்டானது யதார்த்தவாதம் பற்றிய தெளிவு அன்று, மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சிக்காகவும்தான் நாம் போராடினோம். இதை நமது கட்டுரைகளில் எழுதாமல் விட்டுவிட்டோம்.

அப்படியாயின் எதையும் வாசிக்கலாமா, நல்லது தீயது இல்லையா என்று தோழர்கள் கேட்பர். உண்டு. கல்கியின் 'பொன்னியின் செல்வ'னையே எடுத்துக்கொள்வோம். சோழப் பேரரசின் பெருமையே அதன் பின்புலம். உழுபவனும் கோயிலுக்குக் கல் சுமந்தவனும் அங்கே கண்ணிற் படுவதில்லை. பூமாலை தொடுக்கும் சேந்தன் அமுதன் வருகிறான். வாசகனின் அன்பையும் பெறுகிறான். ஆனால் அவன் அரியணை ஏறவேண்டிய கட்டம் வந்ததும் அவன் பிறப்பே அரசபிறப்பு என்று தெரியவருகிறது. மாலை கட்டியவன் மாலை கட்டியவனாகவே இருந்து முடி சூடுவதை அக்கதை கற்பனையிலும் ஏற்காது. இதைச் சொல்ல எமக்குத் தயக்கமில்லை. எனினும் இதைச் சொல்லும் தகுதி எமக்கு எங்கிருந்து வந்தது? பதினைந்தாவது வயதில், வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துத் தைத்துக் கட்டிய பிரதியைச் சோறு மறந்து ஐந்து பாகமும் வாசித்தபடியால் வந்தது. அமுதனைப் பற்றிய ஐயம் பல ஆண்டுகள் கழித்து, வேறு பல நூல்களை வாசித்த பிறகு எழுந்தது. நாம் நடந்து கடந்த பாதையை, அது தவறான பாதை என்று பலகை நட்டு, பின்னால் வருவோருக்கு மூடிவிட முயல்கிறோம்.

இனி அந்த மேல்மாடிக்கே திரும்புவோம். சும்மா வாசிக்க நூல் தேடுவோருக்குப் பல்கலைக்கழக நூலகம் உண்மையிலேயே பாழ்நிலம் அன்று. தேடுமிடத்தை மாற்றவேண்டும். தசமப் பகுப்பு முறை மொழிபெயர்ப்பு நூலை மூல மொழியின் இலக்கத்திலேயே வைக்கிறது. ஆகையால் கா. ஸ்ரீ. ஸ்ரீ. தமிழாக்கிய காண்டேகரின் நாவல்கள் தமிழ் அடுக்கில் இரா; 891.46 என்னும் மராத்தி இலக்கத்தில் இருக்கும். சரத்சந்திரர் வங்காளத்தில், 891.44இல் இருப்பார். மொஸ்கோவில் அச்சாகி மலிந்த விலையில் வந்து, சோவியத் ஒன்றியத்தோடு 1991இல் நின்றுபோன தமிழ் நூல்களை 891.73இற் காணலாம், ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்' அங்கே தூசி படிந்து கிடந்ததை நாமே கண்டோம். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய' ம. மு. உவைசின் கையால் 'கிராமப் பிறழ்வு' ஆகித் தமிழில் இருக்கிறது. அது சிங்களத்துக்குரிய 891.48இல், சிங்கள நூல்களின் நடுவே தனித்து நிற்கும். தமிழ் மாணவர் அந்தப் பக்கம் போவதில்லை. சிங்கள மாணவருக்கு அது வேண்டியதில்லை. இனங்களின் ஒற்றுமை பற்றி மேடைகளிற் பேசுவோர் ஒரு முறை அந்த அடுக்குக்குச் சென்று அதன் திகதிச் சீட்டைப் பார்த்தால் நன்று.

கதை என்ற பெயர் இல்லாத கதைகளும் உள. 1660இல் திருகோணமலைக்கு அண்மையிற் கண்டியரசனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டு சிறையிருந்து தப்பியோடிய ரொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூல் வரலாற்றுப் பகுதியிலே சான்றாதாரம் என்ற மரியாதையோடு உறங்குகிறது. காட்டாற்றைப் பற்றிக்கொண்டு அநுராதபுரத்தின் இடிபாடுகளினூடே வடக்கே இறங்கும் அவனுடைய ஓட்டத்தை வாசித்தவர் அதனை ஆதாரம் என்று மட்டும் சொல்லமாட்டார். உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' வாழ்க்கை வரலாற்று அடுக்கில் இருக்கிறது, ஏ. கே. செட்டியாரின் பயணநூல்கள் புவியியலுக்குப் பக்கத்தில். இவற்றையெல்லாம்விட எளிய வழி ஒன்றை அந்த உதவியாளரே எமக்குச் சொன்னார். திரும்பி வந்த நூல்களை அடுக்குக்குக் கொண்டுசெல்லும் தள்ளுவண்டி இருக்கிறதல்லவா? அதைப் பார்க்கவேண்டுமாம். "ஆரோ ஒருத்தர் கொண்டுபோய் வாசிச்ச புத்தகம்தானே சேர் அதிலை இருக்கும்" என்றார். எந்தப் பாடத்துக்கு என்று கேட்டவர் அவரே. இத்தகைய இலக்கியத் திறனாய்வை எமது நூல்களில் நாம் கண்டதில்லை.

அம்மாணவி தன் நூலை அந்த வண்டியிலேதான் கண்டெடுத்தாள். எம்மைக் கேளாமலே எடுத்தாள். 'பொன்னியின் செல்வன்', முதற்பாகம், புதுவெள்ளம். அட்டை கழன்று, நூலகத்தார் நாடாவால் ஒட்டிய பிரதி. மறுநாளே படிக்கட்டில் அவளைக் கண்டோம். விரிவுரைக்கு நேரமாகிவிட்டது என்று தோழிகள் அழைத்துக்கொண்டிருக்க, அவள் படியில் அமர்ந்து பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். எம்மைக் கண்டதும் நூலை மூட முயன்றாள். பிறகு மூடாமலே எழுந்து நின்றாள்.

ஐந்தாம் நாள் அவள் மீண்டும் இரவல் பகுதிக்கு வந்தபோது நாமும் அங்கே இருந்தோம். இரண்டாம் பாகம் வேண்டுமென்றாள். வந்தியத்தேவன் பூங்குழலியின் படகிற் கடல் கடந்து இலங்கைக்கு வரும் பாகம் அது. உதவியாளர் இம்முறை எந்தப் பாடத்துக்கு என்று கேட்கவில்லை. கணினியைத் தட்டிப் பார்த்தார், மறுபடியும் தட்டிப் பார்த்தார். இரண்டாம் பாகம் ஒரே பிரதிதான் இருந்தது, உசாத்துணைப் பகுதியில். வீட்டுக்குக் கொடுப்பதில்லை.